மூன்றாவது கேள்வி

எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெள்ளைச் சட்டைக்கு மேல் ஒரு கழுத்தைப் பார்த்துவிட்டால் அதில் மாலை போடாமல் கை சும்மா இருக்காது. போட்டால் மட்டும் போதாது, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வந்த தாசில்தாருக்கு ஒரு மாலை, மாற்றலாகிப் போகிற தாசில்தாருக்கு இன்னொரு மாலை. எங்கள் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடலாமா வேண்டாமா என்று பார்க்க டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்து அவர் வெளியே கால் வைத்ததும் அவர் கழுத்திலும் ஒன்று விழுந்தது. மூடத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தே போட்டார்கள்.

என் வீட்டுக்காரர் முனிரத்தினத்துக்கு இந்த வியாதி முற்றிப் போயிருந்தது. ராபர்ட்சன்பேட்டை பஜாரில் எங்களுக்குப் பாத்திரக் கடை. கடையை ஓட்டுவது நான். அவர் வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். சால்வை வாங்குவது, பந்தல்காரனைப் பார்ப்பது, போட்டோக்காரர் கிரிஷுக்குச் சொல்லி அனுப்புவது எல்லாம் அவர் இலாகா. சங்கத் தலைவர் ராஜமாணிக்கம் ஜவுளிக்கடைக்காரர். அவர் கை காட்டுவார், இவர் ஓடுவார்.

எங்கள் வீடு நந்திதுர்க் பக்கம், சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகள் முடிகிற இடத்தில் இருக்கிறது. அங்கே குழாயில் வருவது பேத்தமங்களா ஏரித் தண்ணீர். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சுரங்கக் கம்பெனிதான் அதை ஏற்றி அனுப்பி வந்தது. கம்பெனிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் குழாய்க்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. தினமும் வந்த தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, பிறகு வாரத்துக்கு ஒரு தரம் ஆனது. நடுவில் தாகம் எடுத்தால் போர் தண்ணீர்தான். வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல இருக்கும். பக்கத்து வீட்டு பியாட்ரிஸின் மகள் வின்னி, வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள், மஞ்சள் காமாலை வந்து கோலார் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனிமேல் நல்ல தண்ணீராகக் காய்ச்சிக் கொடுங்கள், இன்னொரு தரம் வந்தால் தாயும் தாங்கமாட்டாள் பிள்ளையும் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்று அப்போது ஊர் முழுக்க ஒரே பேச்சு. மூடினால் வேலை போகும். அதற்குக் கொடி பிடிக்க யூனியன்கள் இருந்தன. தண்ணீருக்கு யார் இருந்தார்கள்? கம்பெனி பூட்டிவிட்டுப் போன மறுநாள் பேத்தமங்களாவில் மோட்டார் போடுவது யார்? மாநில அரசு அதை ஏற்றுக்கொள்ளுமா, கைகழுவி விடுமா? எனக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. முனிசிபாலிட்டியில் கேட்டால் கம்பெனியைக் கேள் என்றார்கள். கம்பெனியில் கேட்டால் பெங்களூரைக் கேள் என்றார்கள்.

பெங்களூரில் அப்போதுதான் புதுச் சட்டசபை கூடியிருந்தது. தொண்ணூற்றொன்பது தேர்தலில் எங்கள் தொகுதியிலிருந்து ஜெயித்துப் போனவர் ஜெயகரன். லைன் வீட்டில் பிறந்தவர், மெல்லிய குரல், யாரைக் கண்டாலும் கும்பிடுவார். கெட்டவர் என்று நான் இன்றுவரை சொன்னதில்லை. அவர் சபையில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார் என்று செய்தி வந்த அன்றைக்கு பஜாரில் தீபாவளிதான். சபாநாயகரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கு இங்கே வெடி. கவர்னர் வந்து உரை வாசித்தார், அதற்கும் வெடி. சபையின் நூலகக் கமிட்டியில் ஜெயகரனைப் போட்டார்கள், அதற்குப் பாராட்டுக் கூட்டம். அத்தனை நாளும் எங்கள் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

நானும் பியாட்ரிஸும் எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போனோம். அங்கே அவருடைய உதவியாளர் விவேக் இருந்தான். அவன் அப்பா இன்ஜினியர், கனரகத் தொழிற்சாலை வேலைக்காக இந்த ஊருக்கு வந்து தங்கிய குடும்பம். இவன் வக்கீலுக்குப் படித்துவிட்டு அரசியலில் குதித்தவன்.

"உங்க எம்.எல்.ஏ. சபையில வாயத் தொறப்பாரா, இல்ல பிரமாணத்தோட சரியா?" என்று கேட்டேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, நெனச்சப்ப எழுந்து பேச முடியாது. கேள்வி எழுதிக் குடுக்கணும். எல்லார் கேள்வியையும் குலுக்கல்ல போடுவாங்க. மேல வந்தா மந்திரி சபையில வாயால பதில் சொல்லுவாரு. கீழ போச்சுன்னா எழுத்துல ஒரு பதில், அத்தோட முடிஞ்சிது."

"வாயால சொன்னா இன்னா, எழுத்துல சொன்னா இன்னா? பதில் பதில்தானே?"

"அங்கதான் விஷயமே கீது. எழுத்துல 'இல்லை'ன்னு ஒரே வரி போட்டு அனுப்பிடலாம். வாயால சொன்னா நம்ம ஆளு நின்னுகினு குறுக்குக் கேள்வி கேப்பாரு. நழுவ முடியாது. 'செய்றோம்'னு மந்திரி வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்துட்டா அது சபைக்குக் குடுத்த வாக்கு. அத்த செஞ்சீங்களான்னு கேக்கறதுக்குன்னே தனியா ஒரு கமிட்டி கீது."

சட்டசபை எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அங்கே ஒரு மந்திரியை எழுப்பி நிற்க வைத்து, எங்கள் குழாயைப் பற்றிப் பேச வைக்க முடியும். என்னால் முடியாது, ஆனால் எங்களுக்காக உட்கார்ந்திருக்கிற ஒருவரால் முடியும். அதற்குத்தானே மொட்டை வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம்!

மார்ச் மாதக் கூட்டத் தொடருக்குக் கேள்வி போனது. குறுக்குக் கேள்விகளை நானும் விவேக்கும் உட்கார்ந்து தயார் செய்தோம். ஜெயகரனை அவர் ஆபீசிலேயே நிற்க வைத்து ஒத்திகை பார்த்தோம். நான்தான் மந்திரி. "அந்த ஏரி கம்பெனியினுடையது, அரசுக்குச் சம்பந்தமில்லை" என்று கன்னடத்தில் நான் மழுப்புவேன். "ஏரியில் விழுகிற மழை கம்பெனியினுடையதா?" என்று அவர் கன்னடத்தில் திருப்பிக் கேட்க வேண்டும். முதல் நாள் திக்கினார். மூன்றாம் நாள் மேஜையைத் தட்டிக் கேட்டார். பியாட்ரிஸ் கைதட்டினாள். அன்றைக்கு அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

குலுக்கலில் எங்கள் கேள்வி மூன்றாவதாக வந்தது. மூன்றாவது என்றால் கட்டாயம் சபையில் எடுத்துக்கொள்வார்கள் என்று விவேக் போனில் கத்தினான். நான் அடுப்பில் வைத்ததை மறந்து பியாட்ரிஸ் வீட்டுக்கு ஓடினேன். வின்னி படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். விஷயம் பஜாருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. முகமெல்லாம் பூரித்துப்போய், "சங்கத்துல முடிவு பண்ணிட்டோம் விமலா. பஸ் எடுத்துகினு பெங்களூர் போறோம். விதான சவுதா படிக்கட்டுலயே அவருக்கு மரியாத செய்யறோம்" என்றார்.

"கேள்வி கேட்டு, பதில் வாங்கினப்புறம் செய்ங்க."

"அப்புறம் செஞ்சா அதுல இன்னா கீது? மேடையில பேசப் போறவருக்கு மொதல்ல மாலையப் போட்டுத்தானே மைக்கக் குடுக்கறோம்? பேசி முடிச்சப்புறமா போடறோம்? அவமானம் இல்ல அது?"

"அது மேடை இல்லீங்க, சபை."

"பேசற எடம் எல்லாம் மேடைதான்" என்றார். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. எங்கள் ஊரில் யாருக்குமே இல்லை. கழுத்து காலியாக இருக்கிறவன் பேச்சை யார் கேட்பார்கள் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள். பதினொரு மணிக்குச் சபை கூடும், பத்துக்குள் எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். சரி சரி என்றார்.

பஸ்ஸில் முக்கியஸ்தர்களுக்கே இடம் போதவில்லையாம், பெண்களுக்கு இடமில்லை. ஜெயகரன் கையெழுத்துப் போட்ட பார்வையாளர் பாஸ் இரண்டை விவேக் எங்களுக்கு வாங்கி வைத்திருந்தான். நானும் பியாட்ரிஸும் மாரிக்குப்பத்தில் விடியற்கால ரயிலைப் பிடித்துப் போனோம். பஸ் கோலாரில் நின்று டிபன் சாப்பிட்டதும், பெங்களூர் மார்க்கெட்டில் சொல்லி வைத்திருந்த ஆளுயர ரோஜா மாலைக்காகக் காத்துக் கிடந்ததும் எங்களுக்குத் தெரியாது. சபை கூடுகிற மணி அடித்தபோது நாங்கள் விதான சவுதாவுக்குள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் அப்போதுதான் வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார்களாம்.

மேலிருந்து பார்த்தால் சபை முழுக்கத் தெரிந்தது. ஜெயகரன் பின் வரிசையில், வெள்ளை வேட்டி சட்டையில், கையில் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. குறுக்குக் கேள்விகளை மனப்பாடம் செய்கிறார் என்று பியாட்ரிஸ் என் காதில் சொன்னாள். முதல் கேள்வி மலைநாட்டுப் பாக்கு விலை பற்றியது. கேட்டவர் எழுந்தார், மந்திரி எழுந்தார்.

அப்போது வெள்ளைச் சீருடைக்காரர் ஒருவர் ஒரு துண்டுச்சீட்டைக் கொண்டுவந்து ஜெயகரனிடம் கொடுத்தார். படித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மாடத்தில் எங்களைத் தேடிப் பார்த்து, இதோ வந்துவிடுகிறேன் என்பது போலக் கையைக் காட்டினார். எழுந்து வெளியே போனார்.

எனக்கு எங்கே போகிறார் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

பாக்கு விலைக் கேள்வி அரைமணி நேரம் இழுக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். வழக்கமாக இழுக்குமாம். அன்றைக்குக் கேட்டவரும் மந்திரியும் ஒரே கட்சி. நீங்கள் சொன்னது திருப்தி என்றார் ஒருவர், கேட்டதற்கு நன்றி என்றார் மற்றவர், முடிந்துவிட்டது. இரண்டாவது கேள்வியைப் போட்டவருக்குக் காய்ச்சல், வரவில்லை. சபாநாயகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மூன்றாவது எண்ணைப் படித்தார். "ஸ்ரீ ஜெயகரன்" என்றார்.

காலி நாற்காலி. அதன்மேல் அந்தக் காகிதங்கள்.

"ஸ்ரீ ஜெயகரன்" என்று இன்னொரு தரம் கூப்பிட்டார். இரண்டு மூன்று உறுப்பினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீர்வளத்துறை மந்திரி கையில் கோப்போடு பாதி எழுந்து நின்றிருந்தார். உறுப்பினர் அவையில் இல்லை, பதிலை மேஜைமீது வைத்துவிடுங்கள் என்றார் சபாநாயகர். மந்திரி சிரித்தார். நான் பார்த்தேன், நிம்மதியாகச் சிரித்தார். ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. "சுவாமி! ஒந்து நிமிஷ! அவரு ஹொரகடே இத்தாரே! வெளியே இருக்கிறார் சுவாமி, ஒரு நிமிஷம்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். பியாட்ரிஸ் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கீழே எல்லோரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். எங்கள் தண்ணீரைப் பற்றி அந்தச் சபையில் அன்றைக்கு எழுந்த குரல் அது ஒன்றுதான். அதையும் குறிப்பில் ஏற்றக் கூடாது என்று சபாநாயகர் உத்தரவு போட்டார்.

இரண்டு பெண் காவலர்கள் வந்து என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சபை கலைகிற வரை கீழே ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, டீகூடக் கொடுத்தார்கள். அந்த அறையின் மூலையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் வாளி நிறைந்து, வழிந்து, தரையெல்லாம் ஓடிச் சாக்கடையில் இறங்கியது. நல்ல தண்ணீர், பளிங்கு மாதிரி. நான் எழுந்து போய்க் குழாயை இறுக்கினேன். நிற்கவில்லை. எதற்கம்மா சிரமப்படுகிறாய், அது எப்போதும் அப்படித்தான் என்றாள் ஒரு காவலர். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது.

சாயங்காலம் வெளியே விட்டார்கள். வாசலில் பஸ் நின்றது. ரயில் போய்விட்டதால் எனக்கும் பியாட்ரிஸுக்கும் அதிலேயே நெருக்கி இடம் விட்டார்கள். எனக்காகக் காத்திருந்ததில் யாருக்கும் சந்தோஷமில்லை.

"ஊர் மானத்தையே வாங்கிட்டியேம்மா" என்றார் ராஜமாணிக்கம். "பொம்பள போய் சபையில கூச்சல் போட்டா நம்மளப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

"எங்க சார் போச்சு உங்க மானம்? படிக்கட்டுல நின்னுகினு போட்டோ புடிச்சிகினு இருந்துச்சா? நாற்காலி காலியா கீதுன்னு ரெண்டு தரம் கூப்ட்டாங்க, யார் மானம் போச்சு?"

பஸ் கிளம்பியதும், வெளியே நடந்ததை என் வீட்டுக்காரர்தான் மெதுவாகச் சொன்னார். ஜெயகரன் ஓடி வந்தாராம், ஒரு நிமிஷம்தான் என்றாராம். மாலை போட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். வெள்ளிமுலாம் பூசிய வீரவாளைப் பஸ்ஸிலேயே மறந்து விட்டிருந்தார்கள். வாள் இல்லாமல் போட்டோ எடுக்கக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். வாளை எடுத்துவர ஆள் ஓடியது. வாள் வந்ததும், வெயில் முகத்தில் விழுகிறது, ஒரு படி மேலே ஏறுங்கள் என்று கிரிஷ் எல்லோரையும் இடம் மாற்றி நிற்க வைத்தார். வாளை உயர்த்திப் பிடித்துச் சிரித்துவிட்டு ஜெயகரன் உள்ளே ஓடியபோது சபையில் ஐந்தாவது கேள்வி நடந்துகொண்டிருந்தது. தோளில் ரோஜா இதழ்களோடு வந்து உட்கார்ந்து, தன் முறை எப்போது வரும் என்று காத்திருந்தாராம். அதை மாடத்திலிருந்து பார்த்தவள் பியாட்ரிஸ். "பாவமா இருந்துச்சு விமலாக்கா" என்றாள். எனக்குப் பாவமாக இல்லை.

"கேள்வி எங்க போய்டும்? அடுத்த செஷன்ல கேட்டுக்கலாம்" என்றார் ராஜமாணிக்கம், முன் சீட்டிலிருந்து திரும்பாமலே.

மேஜைமீது வைத்த பதிலை மறுநாள் விவேக் படித்துச் சொன்னான். அப்படி ஒரு திட்டம் அரசின் முன் இல்லை. அவ்வளவுதான். அவன் முதலில் சொன்ன அதே ஒரு வரி. ஜெயகரன் நாற்காலியில் இருந்திருந்தால் மட்டும் மந்திரி உடனே மோட்டாரைப் போட்டுக் கொடுத்திருப்பாரா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மாட்டார், எனக்குத் தெரியாதா? நழுவத்தான் பார்த்திருப்பார். ஆனால் எழுந்து நின்று, எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, எல்லோர் முன்னாலும் நழுவியிருக்க வேண்டும். மேஜையைத் தட்டி ஒருவர் அவரைப் பிடித்திருப்பார். அந்தச் சந்தர்ப்பத்தைக்கூட வாங்கித் தராமல், மாலையைப் போட்டு அனுப்பி வைத்தார்களே பாவிகள்!

அந்த வாரம் பத்திரிகையில் மாவட்டப் பக்கத்தில் போட்டோ வந்தது. படிக்கட்டு, மாலை, வாள், இருபக்கமும் எங்கள் பஜார் முழுவதும். கீழே, குடிநீர்ப் பிரச்சினையைச் சட்டசபையில் எழுப்பிய எம்.எல்.ஏ.வுக்கு வியாபாரிகள் பாராட்டு என்று போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதை வெட்டி ஃப்ரேம் போட்டுக் கடையில் மாட்டினார். எழுப்பினாராம்! நான் அதைக் கழற்றி எவர்சில்வர் அண்டாவுக்குள் போட்டு மூடினேன். அவர் தேடி எடுத்து மறுபடி மாட்டினார். அதற்கப்புறம் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஜாரில் பாராட்டுக் கூட்டம். அதற்குப் போகிற வழியில் ஜெயகரன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே ராஜமாணிக்கம், விவேக், என் வீட்டுக்காரர். நல்ல வெயில். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் சமையலறை நிலைப்படியில் நின்றேன்.

"உங்க பாஸ்ல என் கையெழுத்துதான் கீதும்மா. சபாநாயகர் ஆபீஸ்ல கூப்ட்டு விளக்கம் கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?" என்றார் ஜெயகரன்.

"நாற்காலியில நான் இல்ல, அதான் அந்தம்மா கத்திச்சுன்னு சொல்லுங்க."

"விமலா!" என்றார் என் வீட்டுக்காரர்.

ஜெயகரன் கையமர்த்தினார். "அவ்ளோ தூரம் ஊர் ஜனம் வந்து நிக்குது. வரமாட்டேன்னு நான் எப்டிம்மா சொல்றது? ஜெயிச்சதும் தலைக்கனம் ஏறிடுச்சும்பாங்க."

"சொல்லணும் சார். எங்ககிட்டயே 'இப்ப வர முடியாது'ன்னு சொல்லத் தெரியல, மந்திரிகிட்ட இன்னா சொல்லுவீங்க?"

அவர் முகம் கறுத்தது. தலையைக் குனிந்துகொண்டார். ராஜமாணிக்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நடந்தது நடந்துவிட்டது, விமலா இன்றைக்கு மேடைக்கு வந்து ஜெயகரன் அண்ணனுக்கு ஒரு சால்வை போட்டுவிட்டால் ஊருக்குள் மனஸ்தாபம் இல்லை என்று தெரிந்துவிடும், சால்வையைச் சங்கமே வாங்கி வைத்திருக்கிறது என்றார்.

என்னிடம்! சால்வை போடச் சொல்லி என்னிடம் வந்திருக்கிறார்கள்!

"அடுத்த செஷன்ல கண்டிப்பா கேக்கறேம்மா" என்றார் ஜெயகரன். "இந்த செஷன்ல அதே கேள்வியத் திரும்பப் போடக் கூடாதுன்னு விதி."

"அடுத்த செஷனுக்குள்ள வின்னிக்குப் பொறந்துடும் சார்."

அவருக்கு வின்னி யாரென்று தெரியும். ஒத்திகை நாட்களில் நான் சொல்லியிருந்தேன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மாலை உறுத்தியதோ என்னவோ, கழுத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு இருந்தது. இருமினார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார்.

என் பின்னால் சமையலறையில் ஒரே ஒரு குடம் இருந்தது. குழாய் வந்த அன்றைக்குப் பிடித்தது, பாதிக்கும் கீழே போயிருந்தது. பியாட்ரிஸ் வீட்டில் தீர்ந்துபோய், அன்று காலைதான் வின்னிக்கென்று அதைத் தனியாக ஒதுக்கி மூடி வைத்திருந்தேன். கேட்டவர் யாராக இருந்தாலும் தண்ணீர் இல்லை என்று என் வாய் அதுவரை சொன்னதில்லை. என் அம்மா வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. எதிரி வந்து கேட்டாலும் கொடுக்கிற பொருள் அது.

"இல்ல" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டிக் குடத்தைப் பார்த்தார். நான் நிலைப்படியை விட்டு நகரவில்லை. "வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணி இல்லேன்றியேம்மா" என்று ராஜமாணிக்கம் முணுமுணுத்தார். அப்படி ஒரு பாவத்தைச் செய்ய வைத்துவிட்டார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

விவேக் வெளியே போய்க் காரிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தான். கடையில் விற்கிற சீல் வைத்த பாட்டில். ஜெயகரன் அண்ணாந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். மூடி, நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். எழுந்து என்னைக் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை. எல்லோரும் போனார்கள். பஜார் பக்கம் மைக்கில் யாரோ அவர் பெயரைச் சொல்லி வருக வருக என்று கூவுவது வீட்டுக்குள் கேட்டது. உடனே வெடிச் சத்தம்.

நாற்காலிக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. சுவரில் வீசி அடிப்பதற்குத்தான் எடுத்தேன். கை ஓங்கிவிட்டது. உள்ளே முக்கால் பாட்டில் தண்ணீர் குலுங்கியது.

மூடியைத் திறந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் வின்னியின் குடத்தில் ஊற்றினேன். பிறகு காலிப் பாட்டிலைச் சுவரில் அடித்தேன். பிளாஸ்டிக், உடையக்கூட இல்லை.